ரேஷன் கடை வரை ஒரு வழி: முதியவர்கள் நடப்பதற்காகத் தெருக்களைச் சீரமைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னைப் பெருநகரப் பகுதியில் உள்ள ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் 2023 தொடக்கம் முதல் 2025 இறுதி வரை நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களையும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன். தமிழ்நாட்டின் பல நகரங்களில் இதே வார்ப்பில் குடியிருப்புகள் இருக்கின்றன என்பதால், படிப்பவர்கள் தங்கள் ஊர்த் தெருவை இதில் அடையாளம் காண்பது கடினமாக இருக்காது.

1970-களின் இறுதியில் கட்டப்பட்ட குடியிருப்பு இது. தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடிகளும். லிஃப்ட் கிடையாது. முப்பது வயதில் தவணை கட்டி வீடு வாங்கியவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டி அதே வீடுகளில் இருக்கிறார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ மஸ்கட்டிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், 2021-க்கான மதிப்பீடு 13.6 சதவீதம். இந்தியாவில் கேரளத்துக்கு அடுத்து முதுமை வேகமாகக் கூடிவரும் மாநிலங்களில் ஒன்று நம்முடையது. இந்தக் குடியிருப்பில் அந்தச் சராசரியைவிட முதியவர்கள் அதிகம் என்பது படியேறிப் பார்த்தாலே தெரியும்.

வரைபடத்தில் பார்த்தால் நடப்பதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. குடியிருப்பின் வாயிலிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டருக்குள் பால் பூத், ரேஷன் கடை, பிள்ளையார் கோயில், கிளை நூலகம், மருந்துக் கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. ஆனாலும் ஒருவர் பின் ஒருவராக மனிதர்கள் வெளியே வருவதை நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

இது கவனத்துக்கு வந்தது தற்செயலாக. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், எழுபதுகளின் நடுவில் இருப்பவர், பல மாதங்களாகக் கோயிலுக்கு வரவில்லை. மூட்டுத் தேய்மானம்தான் காரணம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவருக்குச் சிகிச்சை அளித்த இயன்முறை மருத்துவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மொட்டை மாடியில் கைத்தடியோடு அவர் அரை மணி நேரம் நடக்கிறார், கோயிலுக்கு அதில் பாதி நடை போதும், முழங்காலைக் குறை சொல்லிப் பயனில்லை என்றார். அந்தச் சந்தேகத்திலிருந்துதான் ஒரு சிறு குழு உருவானது. அந்த இயன்முறை மருத்துவர், ஒரு கட்டடக் கலைஞர், ஓய்வுபெற்ற அரசுப் பொறியாளர் ஒருவர், குடியிருப்போர் நலச் சங்கத்தைச் சேர்ந்த சிலர், பதிவுகளைக் கவனித்துக்கொண்ட நான்.

யாரைக் கேட்பது

உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட முதியோர் நேய நகரங்களுக்கான வழிகாட்டியிலிருந்து தொடங்கினோம். 33 நகரங்களில் முதியவர்களையே உட்கார வைத்துக் கேட்டுத் தொகுத்தது அது. நம் நாட்டிலிருந்து டெல்லியும் உதய்ப்பூரும் அந்தப் பட்டியலில் உண்டு. நடைபாதை, இருக்கை, கழிப்பறை, வெளிச்சம், சாலையைக் கடப்பது என அதில் உள்ள தலைப்புகளைத் தமிழில் கேள்விகளாக்கிக்கொண்டு காலை வேளையில் பூங்காவுக்குப் போனோம்.

பூங்காவில் கிடைத்த பதில்கள் உற்சாகமாக இருந்தன. இன்னும் நான்கு விளக்குகள், நாய்த் தொல்லைக்குத் தீர்வு, யோகா மேடைக்குக் கூரை. நடப்பதில் சிரமம் இருக்கிறதா என்றால் பெரும்பாலோர் இல்லை என்றார்கள். பூங்காவுக்கு வந்து சேர முடிந்தவர்களிடம் போய் வர முடிகிறதா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும் என்று இயன்முறை மருத்துவர் சுட்டிக்காட்டினார். அன்றோடு பூங்காக் கணக்கெடுப்பை நிறுத்தினோம்.

வெளியே வருவதை நிறுத்தியவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் அவர்களை அறிந்தவர்கள் தெருவில் இருந்தார்கள். எந்தக் கதவில் இப்போது பை தொங்கவிடப்படுகிறது என்பது பால் போடுபவருக்குத் தெரியும். யாருடைய குடும்ப அட்டைக்கு வேறொருவர் வந்து பொருள் வாங்குகிறார் என்பது ரேஷன் கடை விற்பனையாளருக்குத் தெரியும். யார் வீட்டுக்கு மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது என்பது வீட்டு வேலை செய்யும் பெண்களுக்குத் தெரியும். கோயில் மூலையில் பூக்கட்டி விற்கும் அம்மா ஒருவர், தன்னிடம் நெடுங்காலம் பூ வாங்கி இப்போது வராமல் போனவர்களை விரல்விட்டு எண்ணிச் சொன்னார். அவர் சொன்ன வீடுகளில் பெரும்பாலானவை மற்றவர்கள் சொன்ன வீடுகளோடு ஒத்துப்போயின. இந்த முழு முயற்சியிலும் மிகவும் பயன்பட்ட தகவல் அந்த அம்மாவிடமிருந்து வந்ததுதான் என்பது என் உறுதியான கருத்து.

கூடவே நடந்து பார்த்தவை

அந்த வீடுகளில் சம்மதித்தவர்களை அழைத்துக்கொண்டு, அவர்கள் போக விரும்பிய இடத்துக்கு அவர்களுடைய வேகத்தில் கூடவே நடந்தோம். வழி சொல்லக் கூடாது, கேட்டால் ஒழியக் கை கொடுக்கக் கூடாது என்பது மட்டுமே விதி. எந்த இடத்தில் கண் தரையை விட்டு எழவில்லை, எங்கே கை பிடிமானம் தேடியது, எங்கே நின்றார்கள் என்று குறித்துக்கொண்டோம்.

ஆசிரியையின் நடை முதல் 150 மீட்டருக்கு எந்தத் தடங்கலும் இல்லாமல் போயிற்று. மழைநீர் வடிகாலின் மேல்மூடியையே நடைபாதையாகப் பயன்படுத்தும் இடம் அங்கே தொடங்குகிறது. சாலை மட்டத்திலிருந்து அது ஓர் அடி உயரம். ஒவ்வொரு வீட்டு வாயிலுக்கும் வண்டி ஏற ஒரு சாய்தளம் நடைபாதையை வெட்டிக்கொண்டு இறங்குவதால் ஏறி இறங்கி, ஏறி இறங்கித்தான் போக முடியும். மூடியைத் தூக்குவதற்கான இரும்புக் கொக்கி ஓரிடத்தில் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. ஆசிரியை அங்கே நின்றார். கைத்தடியை முதலில் மேலே வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். பிறகு பக்கவாட்டில் திரும்பி, அருகில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் இருக்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு ஒரு காலை ஏற்றினார். வெயிலில் காய்ந்திருந்த இருக்கை கையைச் சுட, உடனே எடுத்துவிட்டார். சாலையில் இறங்கி நடக்கலாம் என்றால் அங்கே இருபுறமும் கார்கள். நடுவில் பைக்குகள் போகும் இடைவெளிதான் மிச்சம். “கோயில் கோபுரம் இங்கிருந்தே தெரிகிறது. இந்த மூடியைத் தாண்டத்தான் தம்பி பயம்” என்றார். தெருவில் ஸ்கூட்டர் நிற்காத நாட்களில் பிடிக்க எதுவும் இருக்காது என்பதால்தான் அவர் வருவதை நிறுத்தியிருந்தார்.

சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டி ஐஆர்சி 103, நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும், குடியிருப்புப் பகுதியில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வாயில்கள் வரும் இடத்தில் நடைபாதை அதே மட்டத்தில் தொடர வேண்டும், வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். அந்தத் தெருவில் எல்லாமே தலைகீழாக இருந்தது.

அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவருக்குக் கால்களில் ஒரு குறையும் இல்லை. அவருடைய சிக்கல் வேறு. ரத்த அழுத்தத்துக்காகக் காலையில் அவர் போட்டுக்கொள்ளும் மாத்திரைகளில் ஒன்று சிறுநீரைப் பெருக்குவது. போட்டுக்கொண்ட சில மணி நேரத்துக்கு வீட்டைவிட்டு நகர முடியாது. வழியில் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை ஒன்றும் இல்லை. பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒன்று இருந்தது, பூட்டிக் கிடந்தது. வங்கிக்கோ நூலகத்துக்கோ போக வேண்டிய நாளில் அவர் அந்த மாத்திரையைப் போடுவதையே விட்டுவிடுவார். நடந்துகொண்டிருந்தபோது மிகச் சாதாரணமாக இதைச் சொன்னார். வீதியில் ஒரு கழிப்பறை திறந்திராதது ஒருவருடைய ரத்த அழுத்தத்தில் போய் முடிகிறது என்பதை நாங்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று இயன்முறை மருத்துவர் அவரிடம் அன்றே சொல்லி, வேளையை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொன்னார்.

மூன்றாவது இடம் பிரதான சாலை. பஸ் நிறுத்தம் எதிர்ப்புறத்தில் இருக்கிறது. ஓரத்திலிருந்து ஓரம் ஏறத்தாழ 15 மீட்டர், நடுவில் உயரமான கான்கிரீட் தடுப்பு. தடுப்பில் யாரோ கற்களைப் பெயர்த்து உண்டாக்கிய ஒரு திறப்பு வழியாகத்தான் எல்லோரும் கடக்கிறார்கள், பைக்குகளும் உட்பட. சாலைகளை வடிவமைக்கும்போது மனிதர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று கணக்கில் கொள்வது வழக்கம். இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்களிடம் எடுத்த அளவீடுகளில் சராசரி வேகம் ஆண்களுக்கு விநாடிக்கு 0.9 மீட்டரும் பெண்களுக்கு 0.8 மீட்டருமாகவே இருந்தது. அந்தக் கணக்கில் 12 விநாடியில் கடக்க வேண்டிய சாலைக்கு ஒரு மூதாட்டிக்கு 19 விநாடி ஆகும். சிக்னல் இருக்கும் சந்திப்பு 350 மீட்டர் தள்ளி. போய்ச் சுற்றி வந்தால் 700 மீட்டர், அவர்கள் நடையில் கால் மணி நேரம்.

சென்னையில் மூத்த குடிமக்களுக்கு மாநகரப் பேருந்தில் இலவசமாகப் பயணிக்க மாதம் 10 டோக்கன்கள் 2016 முதல் வழங்கப்படுகின்றன. ஒரு வீட்டில் மேசை இழுப்பறையைத் திறந்து, பயன்படுத்தாமலேயே காலாவதியான டோக்கன்களைக் காட்டினார்கள். பஸ் இலவசம்தான், பஸ்ஸுக்குப் போய்ச் சேரத்தான் வழி இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிச்சம் குறைவான ஓரிரு இடங்கள், விளக்கை மறைக்கும் மரக்கிளைகள், நாய்கள், அதிகாலையில் சங்கிலிப் பறிப்பு அச்சம். இவை எல்லோரும் சொன்னவை. ஆனால் இவற்றுக்காக நடப்பதையே நிறுத்திய ஒருவரையும் நாங்கள் சந்திக்கவில்லை. நிறுத்தியவர்கள் ஒவ்வொருவருக்கும் வழியில் ஓர் இடம், அதிகம் போனால் இரண்டு இடங்கள், கடக்க முடியாததாக இருந்தன. மீதி வழி எவ்வளவு நன்றாக இருந்தும் அவர்களுக்குப் பயன்படவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2023 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையொட்டி, கிராம சபையைப் போல நகர்ப்புறத்தில் நடக்கும் ஏரியா சபைக் கூட்டத்தில் விஷயத்தை முன்வைத்தோம். தெரு முழுவதையும் பாண்டி பஜாரைப் போல ஆக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். 2019 நவம்பரில் அங்கே, தியாகராய சாலையில், நடப்பவர்களுக்காகத் திறக்கப்பட்ட வளாகத்தைப் பார்த்த யாருக்கும் அப்படித் தோன்றுவது இயல்பு. அது பெரிய வணிக வீதி, பெரிய திட்டப் பணம். எங்களிடம் இருந்தது வார்டுக்கான நிதியில் கிடைக்கக்கூடிய ஒரு பங்கு. அதை எல்லாத் தெருக்களுக்கும் பிரித்தால் ஒவ்வொரு தெருவிலும் ஒரு துண்டு நடைபாதை வரும். ஒரு துண்டு வைத்துக்கொண்டு யாரும் எங்கும் போக முடியாது. குடியிருப்பு வாயிலிலிருந்து பஸ் நிறுத்தம் வரையிலான ஒரே வழியை முழுமையாக, ஓரிடமும் அறுபடாமல் சீர்செய்வது என்று முடிவெடுத்தோம். நிறுத்தியவர்களில் மிகப் பலர் போக விரும்பிய இடங்கள் அந்த வழியில் இருந்தன என்பதே அதைத் தேர்ந்ததற்குக் காரணம்.

அடுத்த முடிவு, உள்தெருக்களில் உயர்த்திய நடைபாதை வேண்டாம் என்பது. இது பலருக்கு வியப்பாக இருந்தது. தெருவின் அகலம் ஏறத்தாழ 7 மீட்டர். வடிகாலைத் தாழ்த்த முடியாது. இரு பக்கமும் 1.8 மீட்டர் விட்டால் எதிரெதிரே வரும் இரண்டு கார்கள் ஒன்றையொன்று தாண்ட முடியாது. ஒரு மீட்டரில் கட்டினால் மின்கம்பமும் மின்பெட்டியும் பாதியை எடுத்துக்கொள்ளும். அதனால் சாலை மட்டத்திலேயே ஒரு பக்கத்தில் 1.8 மீட்டர் அகலத்துக்குத் தொடர்ச்சியான நடைபட்டை, அதில் வண்டி நிறுத்தத் தடை, இடையிடையே குட்டைத் தூண்கள், தெரு தொடங்கும் இடங்களில் வேகத்தைக் குறைக்க அகலமான மேடு என்று வரைந்தோம். பேவர் பிளாக் பதிக்கலாம் என்று ஒரு கருத்து வந்தது. நாளடைவில் ஒன்று இறங்கி ஒன்று ஏறி நிற்கும், அரை அங்குல விளிம்புகூடக் கால் தூக்கி நடக்க முடியாதவரை இடறிவிடும் என்று பொறியாளர் மறுத்தார். ஈரத்தில் வழுக்காமல் இருக்கத் துடைப்பத்தால் கோடிழுத்த கான்கிரீட் என்று முடிவாயிற்று. சாலையை மறுபடி போடும்போது பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே போட வேண்டும் என்ற 2021-ஆம் ஆண்டின் தலைமைச் செயலாளர் உத்தரவை மனுவிலேயே குறிப்பிட்டோம். இல்லாவிட்டால் இரண்டாவது தார் அடுக்கில் நடைபட்டை பள்ளமாகிவிடும்.

பெரிய சண்டை கார்களைப் பற்றியதுதான். ஒரு பக்க நிறுத்தம் போகிறது என்றதும் கூட்டம் சூடானது. வாதங்களால் அது தீரவில்லை. பழைய நீரேற்று அறையைச் சுற்றி முள்செடி மண்டிக் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து அங்கே சில கார்களை நிறுத்தலாம் என்று ஒருவர் சொன்ன பிறகுதான் குரல்கள் தணிந்தன. மாற்றிடம் காட்டாமல் நிறுத்தத்தைப் பிடுங்க முயன்றிருந்தால் திட்டம் அன்றே முடிந்திருக்கும்.

கோயில் மூலையில் அகலமான ஒரே இடத்தில் பூக்கார அம்மா உட்கார்ந்திருந்தார். நடைபட்டைக்காக அவரை அப்புறப்படுத்தலாம் என்று சங்கத்திலேயே சிலர் கருதினார்கள். குழு ஒருமனதாக எதிர்த்தது. அவரும் அறுபதைக் கடந்தவர். முதியவர்கள் என்று நாம் பேசும்போது ஓய்வூதியம் வாங்குபவர்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, அதே தெருவில் உழைத்துப் பிழைக்கும் முதியவரைத் தடையாகப் பார்ப்பது அநியாயம். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டமும் அவர் பக்கம் இருக்கிறது. அதோடு, நடந்து களைத்தவர்கள் அவர் பக்கத்தில் போட்டிருக்கும் முக்காலியில் உட்காருவதை நாங்களே பார்த்திருந்தோம். எனவே மூலையைச் சாலைக்குள் சற்று நீட்டி அகலப்படுத்துவது என்று முடிவு செய்தோம். அவருக்கு இடம் கிடைத்தது. தெருவைக் கடக்க வேண்டிய தூரமும் குறைந்தது.

பிரதான சாலையில் புதிய சிக்னலுக்குப் போக்குவரத்துப் பொறுப்பில் இருந்தவர்கள் இணங்கவில்லை. அருகிலேயே ஒன்று இருக்கிறது என்பது அவர்கள் வாதம். சிங்கப்பூரில் 2009 முதல் மூத்த குடிமக்கள் தங்கள் அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடி வரை நீளும் ஏற்பாடு உண்டு. 2014-இல் அங்கே தொடங்கிய முதியோர் பாதுகாப்பு மண்டலங்களில் சாலையின் நடுவில் நின்று இரண்டு கட்டமாகக் கடக்கும் இடங்களை அமைத்தார்கள். சிக்னல் இல்லாமலும் செய்யக்கூடியது என்பதால் இரண்டாவதைக் கேட்டோம். நடுத்தடுப்பில் முறையான திறப்பு, அங்கே நிற்க மேடை, இருபுறமும் வேகத்தடை. ஒரு வீச்சில் 15 மீட்டர் என்பது இரண்டு ஏழு மீட்டராகப் பிரியும்.

திறப்பின் அகலத்தில் ஒரு சிக்கல். சக்கர நாற்காலிக்கு 90 சென்டிமீட்டராவது வேண்டும். அதே இடைவெளியில் பைக்கும் நுழைந்துவிடும். குறுக்கினால் பைக் நிற்கும், சக்கர நாற்காலியும் நிற்கும். அகலத்தைக் குறைக்காமல், நடுவில் வளைந்து திரும்ப வேண்டிய வகையில் கைப்பிடிக் கம்பிகளை அமைப்பது என்று கட்டடக் கலைஞர் வழி கண்டார்.

இருக்கைகளுக்கு முதுகும் கைப்பிடியும் கட்டாயம் என்று எழுதிக் கொடுத்தோம். உட்காருவது எளிது, எழத்தான் கைப்பிடி வேண்டும். எந்த வீட்டுக்கு முன்னால் போடுவது என்பதில், குடிகாரர்கள் வந்து உட்காருவார்கள் என்று சிலர் மறுத்தார்கள். மறுக்காதவர்களின் சுவரோரமாகப் போட்டோம். கழிப்பறையைப் புதிதாகக் கட்டக் கேட்கவில்லை. பூட்டிக் கிடந்ததைத் திறந்து, ஓர் உயரமான இருக்கையும் சுவர்ப் பிடியும் அமைக்கக் கேட்டோம்.

வேலை நடந்த விதம்

கூட்டம் முடிந்த அடுத்த மாதமே மிக்ஜாம் புயல் வந்தது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் அந்தப் பகுதி தண்ணீரில் நின்றபோது நடைபாதையைப் பற்றிப் பேசும் மனநிலை யாருக்கும் இல்லை. 2024 மார்ச்சில் மக்களவைத் தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததால் புதிய பணிகளுக்கு ஒப்பந்தம் விட முடியாமல் ஜூன் வரை நின்றது. ஜூலையில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் நடைபட்டையும் கோயில் மூலையும் முடிந்தன. பிரதான சாலை வேலையும் கழிப்பறையும் 2025 தொடக்கத்தில்தான் முடிந்தன. இருக்கைகள் வரைபடத்தில் இருந்தபடி வரவில்லை. முதுகில்லாத கருங்கல் பலகைகள் வந்து இறங்கின. கேட்டால் கையிருப்பில் இருப்பது இதுதான் என்றார்கள்.

பிறகு நடந்தவை

ஆசிரியை நடைபட்டை முடிந்த வாரத்திலேயே கோயிலுக்குப் போனார். இப்போது சதுர்த்திக்கு மட்டுமின்றி மாலைகளிலும் போகிறார், போனால் பூக்கார அம்மாவிடம் நெடுநேரம் பேசிவிட்டுத்தான் திரும்புகிறார். நிறுத்தியிருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்த வழியில் மறுபடி நடப்பதைப் பார்த்தோம்.

அஞ்சல்காரப் பெரியவருக்கு மருத்துவர் மாத்திரையின் வேளையைச் சற்று மாற்றிக் கொடுத்தார். கழிப்பறை சில மாதங்கள் நன்றாக இருந்தது. பிறகு தண்ணீர் வராததால் மறுபடியும் பூட்டப்பட்டது. கிளை நூலகத்தின் பொறுப்பாளரிடம் சங்கம் பேசியதில், நூலக நேரத்தில் முதியவர்கள் அங்குள்ள கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று ஒப்புக்கொண்டார். பெரியவர் தன் வெளி வேலைகளை இப்போது நூலக நேரத்தை வைத்து அமைத்துக்கொள்கிறார். மாத்திரையை விடுவதில்லை.

கருங்கல் பலகைகள் கோடையில் சுட்டன. 2025 அக்னி நட்சத்திரத்தின்போது மாலை ஆறு மணிக்கும் யாரும் உட்கார முடியவில்லை. வேப்ப மரத்தடியில் இருந்த ஒன்று மட்டும் எந்நேரமும் நிறைந்திருந்தது. சங்கம் தன் செலவில் இரண்டு இடங்களில் மரப்பலகையும் கைப்பிடியும் பொருத்தியது. நடுத்தடுப்பின் வளைவுக் கம்பிகள் பைக்குகளைப் பெரும்பாலும் தடுத்துவிட்டன. சாலையைக் கடப்பது முன்பைவிட எளிதாகிவிட்டது என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். ஆனாலும் பஸ் ஏறுபவர்கள் எண்ணிக்கை நாங்கள் நினைத்த அளவுக்குக் கூடவில்லை. பஸ்ஸின் படிக்கட்டு உயரம் எங்கள் கையில் இல்லாத விஷயம்.

மிகவும் வருத்தம் தந்தது 2024 நவம்பரில் நடந்தது. கேபிள் பதிக்க வந்த ஓர் ஒப்பந்ததாரரின் ஆட்கள், கான்கிரீட் போட்டு இரண்டு மாதமே ஆன நடைபட்டையைக் குறுக்கே வெட்டினார்கள். மணலைக் கொட்டி மூடிவிட்டுப் போனார்கள். மழையில் மணல் உள்ளே இறங்கி, மேலே சமமாகத் தெரிந்த இடம் கீழே வெறும் பொந்தாக இருந்தது. லேத் பட்டறையில் உழைத்து ஓய்ந்த எண்பத்தொரு வயதுப் பெரியவர் ஒருவர் அதில் காலை வைத்தார். இடுப்புப் பகுதியில் தொடை எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அவர் திரும்பி வரவில்லை, மகன் வேறு ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். வீடு இப்போதும் பூட்டிக் கிடக்கிறது. கரடுமுரடான பழைய தெருவில் அவர் ஒவ்வோர் அடியையும் பார்த்து வைத்திருப்பார். சமமான தரை என்று நம்பி நடந்த இடத்தில் விழுந்தார். நம்பி நடக்கும்படி ஒரு வழியை அமைத்துக் கொடுத்தவர்களுக்கு, அது எப்போதும் அப்படியே இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் கடமையும் சேர்ந்தே வருகிறது.

நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது. அதைச் சுட்டிக்காட்டி சங்கம் புதிய மனு கொடுத்தது. அந்த வழியில் யார் தோண்டினாலும் அதே தரத்தில் மூடி, பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வைப்புத்தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்பது கோரிக்கை. வாய்மொழியாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டத்தின்கீழ் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டுக்கே வரத் தொடங்கியது. படியிறங்க முடியாதவர்களுக்கு அது பெரிய நிம்மதி. இனி எதற்கு இந்த வழி என்று ஒருவர் கூட்டத்தில் கேட்டார். அரிசி வீட்டுக்கு வரும், சக மனிதர்கள் வரமாட்டார்கள் என்று ஆசிரியை எழுந்து பதில் சொன்னார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

கான்கிரீட் போடுவதற்கு முன்பே, கேபிள்கள் போக வெற்றுக் குழாய்களைக் குறுக்கே பல இடங்களில் புதைத்து வைத்திருக்க வேண்டும். செலவு அதிகமில்லை. பிறகு வருபவர்கள் வெட்ட வேண்டிய தேவையே எழாது. இதே வேலையைத் தொடங்கும் எவரும் முதலில் இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

நடந்து பார்க்கும் ஆய்வைக் கோடையிலும் மழையிலும் ஒரு முறையாவது செய்ய வேண்டும். எங்கள் குறிப்புகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்குரியவை. நிழலும் தண்ணீர் தேங்குவதும் அதில் குறைவாகவே பதிவாகின. இருக்கைகளின் விவரத்தை ஒப்பந்த ஆவணத்தில் வரைபடமாகவே இணைத்திருந்தால் கருங்கல் பலகைகள் வந்திருக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வழி எங்கே தொடங்குகிறது என்பது. நாங்கள் குடியிருப்பின் வாயிலிலிருந்து அளந்தோம். இரண்டாவது மாடியில் இருப்பவருக்கு வழி தன் வீட்டுக் கதவிலேயே தொடங்குகிறது. திரும்பி வராத பாதிப் பேரில் பலர் மேல்மாடிக்காரர்கள். மாடிப்படியில் ஒரு பக்கம் மட்டுமே கைப்பிடி இருக்கிறது. ஒரு பக்கம் வலுவிழந்தவருக்கு ஏறவோ இறங்கவோ ஏதாவது ஒன்றில் அது தவறான பக்கமாகிவிடுகிறது. இரு பக்கமும் கம்பி, படியின் விளிம்பில் மஞ்சள் பட்டை, திருப்பத்தில் மடக்கி வைக்கக்கூடிய ஓர் இருக்கை ஆகியவற்றுக்குத் தெரு வேலையில் சிறு பங்குகூடச் செலவாகாது, யாருடைய அனுமதியும் தேவையில்லை. தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருக்கும் இளம் குடும்பங்களும் மேல்மாடியில் இருக்கும் முதியவர்களும் இடம் மாற்றிக்கொள்ள முடியுமா என்பதையும் சங்கம் பேசிப் பார்க்கிறது. ஒரு வீட்டில் அது நடந்திருக்கிறது.

இரண்டு கட்டடங்களில் மறுபக்கக் கைப்பிடி பொருத்தியாயிற்று. மூன்றாவதில் தரைத்தளக்காரர்கள் செலவில் பங்கு தர வேண்டுமா என்பதில் உடன்பாடு எட்டவில்லை. அடுத்த பொதுக்குழுவில் அதைப் பேச இருக்கிறார்கள்.